மூன்று கிலோ துவரம்பருப்பு

காலை ஆறரை மணிக்கு முகிலன் சண்டைக்குக் கிளம்பினார்.

காபி குடித்தாயிற்று. மாத்திரை போட்டாயிற்று. இடது மணிக்கட்டில் இருந்த சாம்பல் நிறப் பட்டையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அதன் ஓரத்தில் எரிந்த சின்ன விளக்கைப் பார்த்தார். மஞ்சள். அறுபத்தாறு வயதில் மற்றவர்கள் இந்த நேரத்துக்கு நடக்கப் போகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள். இவர் அறுபத்தெட்டு நாட்களாகத் தினமும் சண்டைக்குப் போகிறார். முழங்கால் வலித்தாலும் போக வேண்டும், தொண்டை கட்டியிருந்தாலும் போக வேண்டும். செருப்பை மாட்டும்போது ஒரு பெருமூச்சு வந்தது. பட்டை அதையும் குறித்துக்கொண்டது.

விருதுநகர் மக்கள் எட்டு மணிக்கு மேல் வெயிலில் நிற்பதை விட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வெளி வேலை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பங்குத் தண்ணீர் ஆறரைக்கு வந்து ஆறு ஐம்பதுக்கு நிற்கும். முகிலன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே குழாய், நடுவில் ஒரே வால்வு. இடது பக்கம் திருகினால் இவருடைய தொட்டி நிறையும், வலது பக்கம் திருகினால் தன்ஷிகாவின் தொட்டி நிறையும். அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற தன்ஷிகா, இடுப்பில் கை வைத்தபடி வால்வுக்கு அருகே காத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. நேத்து அஞ்சு நிமிசம் கூடுதலா உங்க பக்கம் திருகி வச்சிருக்கீங்க. என் தொட்டியில பல்லிகூட முங்காது."

"கடிகாரம் பாத்துத்தான் திருகினேன். என்கிட்ட வந்து அளவு பேசாதம்மா. முப்பத்திரண்டு வருசம் எடையளவுத் துறையில இருந்தவன் நான்."

"இருந்தீங்க, இல்லங்கல. ஊர்ல உள்ள தராசெல்லாம் சரி பாத்தீங்க. வீட்டுல என்ன நடக்குதுன்னு பாத்தீங்களா? நிவேதாக்கா மூணு மாசமா நெஞ்சு வலிக்குதுன்னு என்கிட்டதான் சொல்லிட்டு இருந்தாக. கட்டின புருசன்கிட்ட சொல்லல. ஏன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா?"

முகிலனுக்குக் காது மடல் சுட்டது. இறந்து நான்கு வருடமான மனைவியின் பேரை எடுத்து இப்படிக் குத்துவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "என் வீட்டு விசயம் பேச நீ யாரு?" என்று கத்தினார். குரல் உடைந்தது. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தன்ஷிகா அவருடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பச்சை வந்துருச்சா?"

முகிலன் மூச்சை வாங்கிக்கொண்டு பார்த்தார். "வந்துருச்சு."

"கோவிச்சுக்காதீக. மூணு நாளா வால்வ வச்சே பேசி உங்களுக்குச் சுரணையே வரல. அதான் கொஞ்சம் ஆழமாப் போனேன்." வால்வைத் தன் பக்கம் திருகிக்கொண்டே, இயல்பாக, எல்லாக் காலையிலும் எல்லோரும் கேட்பது போல் கேட்டார்: "நித்திலா எப்படி இருக்கு? கால் வீக்கம் வடிஞ்சுச்சா?"

விளக்கு சட்டென்று சிவப்பானது.

"ஏம்மா! கேக்காத, கேக்காதன்னு எத்தன தடவ சொல்லுறது?"

"ஐயய்யோ, வாய் தவறி வந்துருச்சு அண்ணாச்சி. பிள்ளத்தாச்சிப் பொண்ண விசாரிக்காம எப்படிப் போறது?"

இதுதான் சிக்கல். விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த முகவர் முதல் நாளே எச்சரித்திருந்தார்: "சார், இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாம் செய்யுற தப்பு ஒண்ணு இருக்கு. நல்லாச் சண்ட போடுவாங்க. போட்டு முடிச்சதும் நலம் விசாரிப்பாங்க. மொத்தமும் போயிரும்."

அந்தப் பட்டைக்குப் பெயர் பற்றுமானி. அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளப் பழைய இரட்டைத்தட்டுத் தராசு ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு தட்டு இப்பக்கம், அதாவது சொந்த ஊர். மறு தட்டு அப்பக்கம், அதாவது பார்க்கப் போகும் ஆள். வடக்கே குளிர்ந்த கடலைச் சுற்றியுள்ள பதினோரு நாடுகள் ஒன்றாகி வடகூட்டமைப்பு ஆனபோது, பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகாமல் தங்கிவிடுவதுதான் அதற்குப் பெரிய தலைவலியாக இருந்தது. யார்தான் திரும்புவார்கள், இந்த வெயிலுக்கு? முன்பெல்லாம் வீட்டுப் பத்திரம், ஓய்வூதிய ஆணை என்று தாள்களைக் கேட்டார்கள். போலித் தாள்களைத் தயாரிக்க ஆட்கள் கிளம்பினார்கள். கடைசியில் தாள்களை விட்டுவிட்டு உடம்பையே கேட்பது என்று முடிவானது.

தொண்ணூறு நாள் பட்டையைக் கழற்றக் கூடாது. நாடித்துடிப்பு, தோலின் ஈரம், குரலின் நடுக்கம், கையின் அசைவு ஆகியவற்றை அது எடுத்துக்கொள்ளும். கண் கிடையாது, மனிதர் உடம்பில் கேமரா வைக்கக் கூடாது என்பது கூட்டமைப்பின் சட்டம். விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்த பெயர்களை மட்டும் காது அடையாளம் கண்டுகொள்ளும், மற்றப் பேச்சைச் சேர்த்து வைக்காது. எதைக் கண்டு உடம்பு அசைந்தது என்று தெரிந்தால் அந்தத் தலைப்பில் எழுதி, உரிய தட்டில் போடும். இப்பக்கம் ஏறினால் பச்சை, அப்பக்கம் ஏறினால் சிவப்பு, சமமாக நின்றால் மஞ்சள். இன்னொன்று, இது முகிலனுக்கு மிகவும் பிடித்த நுட்பம்: எந்த நல்ல தராசையும் போல அது ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் நிறுக்கும். ஒரு தலைப்பு தொடங்கிவிட்டால் அது முடியும்வரை வேறு எதையும் உள்ளே விடாது.

மகளைப் பார்க்கப் போக வேண்டுமானால், மகளைவிட ஊர்தான் உன்னை அதிகம் இழுக்கிறது என்று உடம்பு சாட்சி சொல்ல வேண்டும். விதி அவ்வளவுதான்.

நல்ல நட்பு உள்ளவர்கள், பேரப்பிள்ளைகள் கூடவே இருப்பவர்கள் எளிதில் தேறினார்கள். தனியாக இருந்த முகிலனுக்கு ஊரில் இழுப்பதற்கு என்ன இருந்தது? முகவர்தான் கேட்டார், "யாரோடயாவது தகராறு இருக்கா சார்? இருந்தா மூடி மறைக்காதீங்க. பாதியில நிக்குற சண்டைக்கு எல்லாரும் திரும்பி வந்துருவாங்க. அத மாதிரி இழுக்குறது வேற எதுவும் இல்ல." ஒன்பது வருடத்துக்கு முன்பு வால்வு விஷயத்தில் தன்ஷிகாவோடு ஒரு சண்டை இருந்தது. அதை எடுத்துத் தூசி தட்டினார்கள். பொய்ச் சண்டைக்குப் பட்டை மசியவில்லை. அதனால் தினமும் ஒரு மெய்யான குத்தலைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார் தன்ஷிகா. நிறைய யோசித்துத்தான் வருவார்.

*

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் நித்திலாவோடு பத்து நிமிடம் பேசுவார்.

நித்திலா அங்கே போய்ப் பத்து வருடம். நிலைக்குடி உரிமைக்குப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் எல்லையைத் தாண்டினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அதனால் அம்மாவின் சாவுக்கும் அவள் வரவில்லை. நிவேதா உயிரோடு இருந்தபோது முகிலன் ஒரு முறை பட்டை கட்டிப் பார்த்தார். பதினோராம் நாளே மறுத்துவிட்டார்கள். தெருவில் யாரோ யாருடைய மகளையோ அதே பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட அவருடைய பட்டை சிவக்கும்.

இப்போது நித்திலாவுக்கு ஏழாம் மாதம் முடியப் போகிறது. அவள் கணவன் கடல் நடுவே காற்றாலைக் கோபுரங்களில் வேலை செய்பவன், மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் கரைக்கு வருவான். பிரசவத்துக்குத் தாய் போக வேண்டும். தாய் இல்லை. அதனால் தகப்பன் போக வேண்டும். லேகியம் கிண்டவும் பூண்டுக் குழம்பு வைக்கவும் முகிலன் கற்றுக்கொண்டாயிற்று. விசா மட்டும்தான் பாக்கி.

"அப்பா."

"சொல்லும்மா. அங்க மழையா?"

"மழைதான். அங்க?"

"வெயில்தான்."

இருவரும் கொஞ்ச நேரம் மழையிலும் வெயிலிலும் நின்றார்கள். முகிலன் கண்ணைச் சுவரில் இருந்த மின்பெட்டியின் மேல் வைத்திருந்தார். அதில் பன்னிரண்டு திருகாணிகள். குரல் நடுங்கப் பார்க்கும்போது அவற்றை எண்ணுவார்.

"நேத்து டாக்டர்கிட்டப் போனேன்ப்பா. தலை கீழ திரும்பிருச்சாம். காலால உதைக்கிறது வெளிய இருந்தே..."

"வால்வுக்கு வாஷர் மாத்தணும்," என்றார் முகிலன்.

பிறகு அவள் கேட்டாள். "அப்பா, ஒண்ணு கேக்கவா? வேணும்னுதான் இப்படிப் பேசுறீங்களா, இல்ல இப்படியே பழகிப்போச்சா?"

ஏழு, எட்டு, ஒன்பது. "வாஷர் மதுரையிலதான் கிடைக்குமாம்."

"சரிப்பா. மாத்திருங்க."

அழைப்பு முடிந்தபோது விளக்கு மஞ்சளிலேயே இருந்தது. முகிலன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மாதம் இந்தப் பேச்சு நடிப்பு என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். இன்றைக்குத் தெரியவில்லை. எடைக்கற்களும் நாள்பட்ட உபயோகத்தில் தேய்ந்து குறையும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அவற்றைக் கொண்டுவரச் சொல்லி முத்திரை வைப்பார்கள். மனிதனை எங்கே கொண்டுபோய் முத்திரை வைப்பது?

*

எழுபத்தோராம் நாள் சண்டை முடிந்ததும் தன்ஷிகா கேட்டார். "போயிச் சேந்துட்டீங்கன்னு வையுங்க. பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டத் தெரியுமா?"

"அங்க தொட்டி வச்சிருப்பாங்க."

"தொட்டியா? அது துணி ஊற வைக்க. காலை நீட்டி உக்காந்து, ரெண்டு முழங்காலுக்குக் கீழ பிள்ளையப் படுக்கப் போட்டு ஊத்தணும். ஒரு கை பிடறியில இருக்கணும். நிவேதாக்கா இருந்தா அவுக செஞ்சிருப்பாக. நீங்க பிள்ளையக் கீழ நழுவ விட்டுட்டு வந்து நிப்பீங்க."

"பழகலாம்தான். பட்டை?"

தன்ஷிகா யோசித்தார். "பேரு சொல்லக் கூடாது, அவ்வளவுதான? பேரே வேண்டாம். பிள்ளையும் வேண்டாம். பருப்ப வச்சுப் பழகுங்க. பருப்பு மேல யாருக்கு என்ன பாசம் வந்துரப் போகுது?"

நியாயமாகப் பட்டது. முகிலன் பெட்டியிலிருந்து தம்முடைய பழைய பித்தளை எடைக்கற்களை எடுத்து, துவரம்பருப்பைச் சரியாக மூன்று கிலோ நிறுத்தார். தண்ணீர் புகாத உறையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டினார். அதன் மேல் ஒரு பழைய வேட்டித் துண்டைச் சுற்றினார். குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். வாசலில் நின்று தன்ஷிகா வழி சொன்னார்.

"வெந்நிய முழங்கையில ஊத்திப் பாருங்க. உள்ளங்கை பொய் சொல்லும். ம். இப்பக் கால்ல இருந்து மேல வாங்க. முகத்துல ஊத்தாதீக, கைய நெத்தியில அண கட்டுங்க. அப்படித்தான். மடிப்புல எல்லாம் விரல விட்டுத் தேயுங்க, கழுத்து மடிப்புலதான் பால் போய் நிக்கும்."

பருப்பு மூட்டை உடம்பைப் போலவே தொய்ந்து கொடுத்தது. இரண்டு காலுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் பொருந்திப் படுத்துக்கொண்டது. வெந்நீர் ஊற்ற ஊற்ற அதன் உள்ளே சூடு ஏறியது. பிடறி இருக்க வேண்டிய இடத்தில் கையைக் கொடுத்துக் குப்புறத் திருப்பியபோது, அந்த இளஞ்சூட்டுப் பாரம் அவர் உள்ளங்கையில் தலையைச் சாய்ப்பது போல ஒரு பக்கம் சரிந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு நிவேதா இதே தரையில், இதே மாதிரி காலை நீட்டி, ஒன்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது முகிலன் வாசலில் நின்று, நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அலுவலகம் போனார்.

"அண்ணாச்சி," என்றார் தன்ஷிகா மெதுவாக. "பட்டையப் பாருங்க."

விளக்கு பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. வெள்ளை. இத்தனை நாளில் அப்படி ஒரு நிறத்தை அவர் பார்த்ததில்லை. உள்ளே போய்க் கையேட்டைப் புரட்டினார். வெள்ளை: உடம்பு பெரிதாக அசைந்திருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை. நேர்காணலில் விசாரித்துத் தலைப்பு இடப்படும். அதே நிலை மறுபடி வந்தால் இட்ட தலைப்பே எப்போதும் பொருந்தும்.

"கெட்டுது போ," என்றார் முகிலன். பருப்பைத் துடைத்து, அவிழ்த்து, டப்பாவில் கொட்டினார்.

*

மதுரை வருகை மையத்தில் ஜெசிந்தா என்ற பெண் அவரை உட்கார வைத்தாள். ஒப்பந்த ஊழியை. கூட்டமைப்பின் மதிப்பீட்டு இயந்திரம் அவளுடைய திரையில் கேள்வி எழுதும், அவள் தமிழில் கேட்பாள், பதிலைத் தட்டுவாள். காலையிலிருந்து எத்தனை பேரைக் கேட்டிருப்பாளோ, காதுக்கருவியின் கீழே கன்னம் சிவந்து தடித்திருந்தது.

"சார், உங்களோட தொண்ணூறு நாளும் முடிஞ்சுது. ஒரே ஒரு கட்டம் மட்டும் திறந்திருக்கு. அத விட்டுட்டுப் பாத்தா அப்பக்கம் லேசா சாயுது. அதாவது, மறுப்பு. அந்தக் கட்டம் அப்பக்கம் போனாலும் மறுப்புதான். இப்பக்கம் வந்தா மட்டும் அனுமதி."

"புரியுதும்மா."

"எழுபத்தோராம் நாள், காலைல பதினொரு நிமிசம். தொண்ணூறு நாள்ல உங்க உடம்பு அவ்வளவு அசைஞ்சது அப்ப மட்டும்தான். போன் இல்ல. பேர் எதுவும் காதுல விழல. தண்ணிச் சத்தம் இருக்கு. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"குளியலறைத் தரையில காலை நீட்டி உக்காந்திருந்தேன்."

"முன்னால என்ன இருந்துச்சு? பொருள் பேர் வேணும் சார். அது இல்லாம கட்டம் மூடாது."

முகிலன் தம் கைகளைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு பொய்த் தராசுக்கும் அவர் முத்திரை வைத்ததில்லை. சந்தைக்குச் சந்தை போய்த் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்ப்பார். வியாபாரிகள் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முள் நேராக நிற்கும், கல் சரியான கல், கையும் சுத்தமான கை. எல்லாம் உண்மை. அடியில் மட்டும் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குப் புளி. அந்தப் புளியை விரலால் வழித்து எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே காட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

"துவரம்பருப்பு," என்றார்.

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "துவரம்பருப்பா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"மூணு கிலோ. சரியா மூணு. நானே நிறுத்தேன்."

திரையின் மேல் அவள் விரல் நின்றது. தண்ணீர்ச் சத்தம், நீட்டிய கால், மூன்று கிலோ. அவள் உதடு அந்த எடையை ஒரு முறை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. அவர் விண்ணப்பத்தின் முதல் பக்கத்துக்குப் போனாள். பயணக் காரணம்: மகளின் பிரசவம். மறுபடி கட்டத்துக்கு வந்தாள்.

"அந்தப் பொருள் இப்ப எங்க இருக்கு?"

"சமையலறையில. டப்பாவுல."

"பொருள், துவரம்பருப்பு. இடம், உள்நாடு," என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். வெள்ளைக் கட்டம் பச்சையானது.

அவர் எழுந்து கதவருகே போனபோது, காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவளும் எழுந்து வந்தாள். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க சார்," என்றாள். "ரெண்டும் எங்கம்மா கால்ல குளிச்சு வளந்ததுங்க. பாத்துப் போயிட்டு வாங்க."

*

விசா கைக்கு வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண். முகிலன் போய்ச் சேர்ந்தபோது அதற்கு ஒன்பது நாள்.

பட்டை கையில்தான் இருந்தது. அனுமதி அறுபது நாள், ஆனால் ஒவ்வொரு வாரமும் தராசைப் பார்ப்பார்கள். அப்பக்கம் சாய்ந்தால் இரண்டு நாளில் கிளம்ப வேண்டும். அதோடு முடிந்துவிட்டால் முகிலன் கவலைப்பட்டிருக்க மாட்டார். திரும்ப வேண்டியவரைத் தன் பக்கம் இழுத்து வைத்ததாக நித்திலாவின் பெயரில் ஒரு குறிப்பு ஏறும். நிலைக்குடிக்கு மேலும் மூன்று வருடம் தள்ளிப் போகும்.

அதனால் அந்தச் சிறிய வீட்டில் அவர் ஒரு விருந்தாளி போல இருந்தார். குழந்தையை இரண்டு நிமிடம் வைத்திருப்பார், சிவப்பு வரும், கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பூண்டு உரிப்பார். தன்ஷிகாவுக்குப் போன் போட்டு, வால்வைப் பற்றிச் சண்டை போட்டு மஞ்சளுக்கு இறக்குவார். நித்திலா இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பத்து வருடம் கழித்துப் பார்க்கிற மகளின் தலையில் கை வைக்கக்கூட அவர் துணியவில்லை. கதவோரம் நின்று, "சாப்பிடு, ஆறிடும்," என்றார்.

மூன்றாம் நாள் அவள் சொன்னாள், "வந்துட்டீங்க. ஆனா வந்த மாதிரி இல்லப்பா." அவளுக்கு விதி தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

தொப்புள்கொடி விழுந்த மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. நித்திலாவுக்குக் குனிய முடியவில்லை. தொட்டியில் குழந்தையை இறக்கப் பயந்தாள். கடைசியில் முகிலன்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். இந்த ஒரு குளியலில் இந்த வாரத் தராசு மொத்தமாகக் கவிழ்ந்துவிடும் என்று தெரியும். வேறு ஆள் இல்லை. நித்திலா குழந்தையை அவர் காலில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

முழங்கையில் வெந்நீரை ஊற்றிப் பார்த்தார். காலிலிருந்து தொடங்கினார். நெற்றியில் கையால் அணை கட்டினார். கழுத்து மடிப்பில் விரலை விட்டுத் தேய்த்தார். குழந்தை அழவில்லை, வாயைப் பிளந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிடறியில் கை கொடுத்துத் திருப்பியபோது தலை உள்ளங்கையில் சாய்ந்தது. அவருக்கு மூச்சு முட்டியது. சிவப்பைப் பார்த்துவிடுவோம் என்று பட்டையைப் பார்த்தார்.

பச்சை.

ஒரு நொடிதான் புரியாமல் இருந்தது. அதே தண்ணீர்ச் சத்தம், அதே கை வீச்சு, நெஞ்சில் அதே அடி. பட்டைக்கு இது புதிது இல்லை. ஏற்கெனவே விசாரித்துப் பெயர் வைத்து முடித்த நிலை. துவரம்பருப்பு, உள்நாடு. தம் பேத்தியின் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒரு கருவி எந்த இடத்தில் தப்புகிறது என்று கண்டுபிடித்துவிட்ட பழைய மகிழ்ச்சி அவர் முகத்தில் பரவியது. அடுத்த கணமே அது வடிந்தது. தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறது. இந்த முறை ஒட்டியவர் அவர். வழித்து எறிய அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் குளியலின்போது நித்திலாவைக் கூப்பிட்டார். தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே, குளியல் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டுமே என்று வேகவேகமாகச் சொன்னார். இரட்டைத்தட்டு, ஒரு நேரத்தில் ஒரு பொருள், வெள்ளை விளக்கு, மதுரையில் அந்தப் பெண் கேட்ட கேள்வி. "இது ஊத்துற வரைக்கும் அதுக்கு வேற எதுவும் தெரியாது. நான் பருப்பக் கழுவிட்டு இருக்கேன்னு எழுதிட்டு இருக்கும்."

நித்திலா பச்சை விளக்கைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவள் சுவரைப் பிடித்து மெதுவாக ஈரத் தரையில் இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவை நனைவதைப் பார்க்கவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு அவள் தலை அவர் தோளில் வந்து சாய்ந்தது. அவள் தலை கனத்தது. குவளை வைத்திருந்த கை தொடர்ந்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"அன்னைக்குக் கேட்டேனே," என்றாள். "நடிக்கிறீங்களா, பழகிப்போச்சான்னு."

முகிலன் ஒரு குவளை முழுவதும் ஊற்றிய பிறகுதான் பதில் சொன்னார். "முதல்ல நடிச்சேன். அப்புறம் கொஞ்ச நாள் பழகித்தான் போச்சு. உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்."

"எனக்கும் பழகிருச்சுப்பா. நீங்க வர்றதுக்கு முந்தின வாரம் போன் வந்தப்ப, எடுக்காம விட்டுறலாமான்னு இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். குழந்தை ஒரு காலை உதைத்தது. வாளித் தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது. குவளை வாளியின் அடியில் உரசிற்று. விரல் நுனிகள் சுருங்கிய அந்தச் சின்னக் கைகளைப் பார்த்து, "போதும்மா, பிள்ளைக்குக் குளிரும்," என்றார்.

"குளிராதுப்பா." அவள் தலையை எடுக்கவில்லை. கையை மட்டும் கதவுப் பக்கம் காட்டினாள். அங்கே இன்னொரு வாளி நிறைய வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் கூப்பிடுவதற்கு முன்பே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்; நேற்றே பச்சையைப் பார்த்திருப்பாள் போல.

முகிலன் எட்டி, அதைத் தம் பக்கம் இழுத்தார்.